தம்பி கால் வேறு, அக்கா கால் வேறு

ஐப்பசி மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு காலை. பாகூர் ஏரிப் பாசனத்தில் சம்பா நடவு முடிந்து, பயிர் பச்சை பிடித்திருந்த நேரம். மாட்டுக்குப் புல் அறுத்து, கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் வந்த 62 வயது அம்மாவுக்குக் கால் வழுக்கிவிட்டது. விழுந்தது சேற்றில்தான். அடி பலமாக இருக்காது என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. வலது கால் இடது காலைவிடக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

"சுளுக்குதான், எண்ணெய் போட்டுக் கட்டினா சரியாப் போயிடும்" என்றார்கள். இரண்டு நாள் அப்படியே போனது. மூன்றாம் நாள் மகன் 108-க்குப் போன் செய்தார். எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்திருப்பது தெரிந்தது. இடுப்பு மூட்டையே மாற்ற வேண்டும் என்று மருத்துவர்கள் சொன்னார்கள்.

செய்தி கேட்டு வில்லியனூர் பக்கத்திலிருந்து தம்பி ஓடி வந்தார். சங்கராபரணி ஆற்றை ஒட்டி கரும்பும் மணிலாவும் வைத்திருக்கிற 47 வயதுக்காரர். அவருக்கும் இடது பக்கம் அதே மூட்டு மாற்று அறுவை சிகிச்சை, வேறொரு மருத்துவமனையில் புரட்டாசியில்தான் நடந்திருந்தது. கம்பு இல்லாமல் வார்டுக்குள் நடந்து வந்தார்.

"பயப்படாதக்கா. இருபத்தோராவது நாளே நான் கம்ப விட்டுட்டேன். உனக்கும் அப்படித்தான் ஆகும்."

அக்காவுக்குத் தைரியம் சொல்லத்தான் சொன்னார். அந்த 21 நாள் கணக்கே பிறகு அக்காவைப் படுக்க வைத்தது.

ஒரே மூட்டு, இரண்டு நோய்

இடுப்பு மூட்டு, கிண்ணத்துக்குள் பந்து உருள்வது போன்ற அமைப்பு. தொடை எலும்பின் தலைதான் பந்து. இடுப்பெலும்பில் உள்ள குழிதான் கிண்ணம். பந்துக்கு வரும் ரத்தத்தில் பெரும்பகுதி, அதன் கீழே உள்ள கழுத்துப் பகுதி வழியாகவே ஏறுகிறது. வயதானவர்களுக்கு அந்தக் கழுத்து முறிந்து விலகிவிட்டால் ரத்த ஓட்டம் அறுந்து போகும். திருகாணி போட்டு இணைத்தாலும் பல நேரம் எலும்பு சேராது. வெளியே எத்தனை கட்டுப் போட்டாலும் சேராது. அதனால்தான் மூட்டை மாற்றுகிறார்கள்.

இந்த முறிவுக்குத் தாமதம் ஆகாது. நோயாளியின் உடல்நிலை இடம் கொடுத்தால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் அறுவை செய்துவிட வேண்டும் என்பதே பொதுவான மருத்துவ வழிகாட்டுதல். படுக்கையில் கிடக்கிற ஒவ்வொரு நாளும் நுரையீரலில் சளி கட்டுதல், படுக்கைப் புண், காலில் ரத்தம் உறைதல், மனக் குழப்பம் என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். அக்கா வீட்டில் இழந்த இரண்டு நாள் சாதாரணம் இல்லை.

தம்பிக்கு விழுந்த அடி எதுவும் இல்லை. இரண்டு வருடமாகத் தொடை இடுக்கில் வலி. ஊசி போட்டுக்கொண்டே பவர் டில்லர் ஓட்டினார். எம்.ஆர்.ஐ. எடுத்தபோது எலும்புத் தலைக்கு ரத்தம் போகாமல், அது மெல்ல மெல்ல உயிரிழந்து நொறுங்கியிருந்தது. "எத்தனை வருஷமாக் குடிக்கிறீங்க?" என்பதுதான் மருத்துவரின் முதல் கேள்வி. நடுத்தர வயதில் இந்த நோய் வருவதற்கு நாள்பட்ட மதுப் பழக்கம் ஒரு முக்கியக் காரணம். ஸ்டீராய்டு மருந்தை நீண்ட நாள் எடுப்பது இன்னொன்று. மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கி விழுங்கும் வலி மாத்திரையிலோ, பெயர் தெரியாத பொடியிலோ ஸ்டீராய்டு கலந்திருந்தால் அது நமக்குத் தெரியாது.

ஆக, அக்காவின் எலும்பு வயதில் மெலிந்தது, முறிந்தது. தம்பியின் எலும்பு வலுவானது, தலை மட்டும் கெட்டது. இருவருக்கும் 15 வயது வித்தியாசம். இதுவே ஒப்பிடக் கூடாது என்பதற்குப் போதும். ஆனால் இன்னொரு வித்தியாசமும் இருந்தது. அது மூட்டுக்குள் போன வழி.

மூட்டுக்குப் போக மூன்று வழி

செயற்கை இடுப்பு மூட்டு இன்றைய வடிவத்துக்கு வந்தது 1962-இல். இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்ற மருத்துவர், சிறிய உலோகப் பந்தை வழவழப்பான பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் பொருத்தி, எலும்புச் சிமெண்ட் வைத்து இறுக்கினார். இன்றும் அடிப்படை அதுதான். ஆனால் தசைகளைத் தாண்டி அந்த மூட்டுக்கு எப்படிப் போவது என்பதில் மருத்துவர்களிடையே வேறு வேறு வழிகள் உண்டு. மூன்று முக்கியமானவை.

முதலாவது, பின்பக்க வழி. புட்டத்தின் பின்பக்கமாகத் திறப்பது. 1950-களில் அமெரிக்காவின் ஆஸ்டின் மூர் இதைப் பரவலாக்கினார். உலகில் அதிகம் பயன்படும் வழி இதுவே. மூட்டு நன்றாகக் கண்ணுக்குத் தெரியும். நடக்கும்போது இடுப்பைத் தாங்கும் முக்கியத் தசையைத் தொட வேண்டியதில்லை. ஆனால் மூட்டின் பின்னால் உள்ள சிறு தசைகளையும் உறையையும் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும். அந்தத் தையல் ஆறும்வரை, குனிந்து உட்கார்ந்து காலை உள்பக்கம் திருப்பினால் பந்து பின்னால் நழுவ வாய்ப்பு மற்ற வழிகளைவிடக் கூடுதல். உறையைச் சேர்த்துத் தைப்பதாலும், பெரிய பந்து வைப்பதாலும் இப்போது இந்த ஆபத்து முன்பைவிடக் குறைந்திருக்கிறது.

இரண்டாவது, பக்கவாட்டு வழி. 1982-இல் இங்கிலாந்தின் கெவின் ஹார்டிங் இதை விவரித்தார். இடுப்பைத் தாங்கும் தசையின் முன்பகுதியைப் பிரித்து உள்ளே போவது. மூட்டு நழுவுவது குறைவு. ஆனால் அந்தத் தசை ஆறும்வரை நடை ஒரு பக்கம் சாயும். சிலருக்கு அந்தச் சாய்வு கொஞ்சம் நின்றுவிடுவதும் உண்டு.

மூன்றாவது, முன்பக்க வழி. 1947-இல் பாரீஸில் ராபர்ட் ஜூடே இதைச் செயற்கை மூட்டு வைக்கப் பயன்படுத்தினார். தசையை வெட்டாமல் இரண்டு தசைகளுக்கு இடையே விலக்கிக்கொண்டு போவது. பயிரை மிதிக்காமல் வரப்பு மேலேயே நடந்து போவது மாதிரி. ஆரம்ப நாட்களில் வலி குறைவு, நடை சீக்கிரம் வரும். ஆனால் வரப்பு குறுகலானது. பழகாத கை என்றால் தொடை எலும்பில் விரிசல் விழலாம். தொடையின் வெளிப்பக்கத்தில் மரத்துப்போன உணர்வு சிலருக்கு மாதக்கணக்கில் இருக்கும். வயிறு பெருத்தவர்களுக்குத் தொடை இடுக்கில் காயம் ஆறுவது சிரமம்.

தம்பிக்குச் செய்தது முன்பக்க வழி. அக்காவுக்குச் செய்தது பின்பக்க வழி.

"அப்போ முன்பக்கம்தானே நல்லது?" என்று யாரும் கேட்பார்கள். முதல் ஆறு வாரம், மூன்று மாதம் வரை முன்பக்க வழிக்கு ஒரு முந்துதல் இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு வருடம் கழித்து அதே ஆட்களைப் பார்த்தால் நடையில், வலியில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. குறுகிய கால நெல் முதலில் கதிர் வாங்குகிறது என்பதற்காக நீண்ட கால நெல் விளையாமல் போவதில்லை. எந்த வழி என்பதைவிட, மருத்துவர் எந்த வழியில் அதிகம் கை பழகியவர் என்பதே பெரிது. அவருக்குப் பழக்கமில்லாத வழியை நாம் வற்புறுத்திக் கேட்பது நமக்கே கெடுதல்.

34-ஆம் நாள்

அக்காவுக்கு அறுவை நன்றாகவே முடிந்தது. மறுநாளே வாக்கர் பிடித்து நிற்க வைத்தார்கள். ஆறாம் நாள் வீடு. 14-ஆம் நாள் தையல் பிரித்தாயிற்று. மருத்துவமனையில் கொடுத்த தாளில், பின்பக்க வழியில் செய்யப்பட்டது, மூன்று மாதத்துக்குக் குத்துக்காலிட்டு உட்காரக் கூடாது, தாழ்ந்த இடத்தில் உட்காரக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது என்றெல்லாம் எழுதியிருந்தது. எல்லாம் ஆங்கிலத்தில். மகன் அதைப் பத்திரமாக மடித்துப் பீரோவில் வைத்துவிட்டார்.

21-ஆம் நாள் வந்தது. அக்காவால் வாக்கரை விட முடியவில்லை. 30-ஆம் நாளும் முடியவில்லை. "அவன் கம்ப விட்டுட்டான், நான்தான் சோம்பேறி" என்று தன்னையே திட்டிக்கொண்டார். வீட்டிலும் அதே பேச்சு. "மாமாவுக்கு எவ்வளவு சீக்கிரம் சரியாச்சு, உங்களுக்கு ஏன் அத்தை இன்னும் வலிக்குது?"

வீட்டில் கறவை மாடு இரண்டு. பால் சங்கத்துக்கு ஊற்றுகிற பணத்தில்தான் வாரச் செலவு ஓடுகிறது. மருமகள் கை பட்டதும் ஒரு மாடு பால் விடவில்லை. 34-ஆம் நாள் காலையில் வாக்கரைத் தூணில் சாய்த்து வைத்துவிட்டு, அக்கா தானே கொட்டகைக்குப் போனார். மாட்டின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வாளியை இழுக்க உடம்பைத் திருப்பினார். உள்ளே மடக்கென்று ஒரு சத்தம். கால் குட்டையாகி, இந்த முறை உள்பக்கமாகத் திரும்பிக்கொண்டது.

மூட்டு நழுவியிருந்தது. நல்லவேளையாக, உடனே ஆம்புலன்ஸ் வந்தது. மயக்க மருந்து கொடுத்து, திரும்பக் கிழிக்காமலே இழுத்து உள்ளே வைத்தார்கள். ஆனால் குணமாகும் கணக்கு முதலிலிருந்து தொடங்கியது. நழுவிய மூட்டு இன்னொரு முறை நழுவ வாய்ப்பு அதிகம். அந்தப் பயம் வேறு.

தம்பி வந்து கட்டிலருகே நின்றார். பேச்சு வரவில்லை. அக்காதான் சொன்னார்:

"உன் காலப் பாத்து என் காலை வெச்சுட்டேன்டா தம்பி."

வீட்டைத் தயார் செய்வதும் வைத்தியம்தான்

அறுவை நடப்பது ஒன்றிரண்டு மணி நேரம். மூன்று மாதம் நடப்பது வீட்டில். நம் வீடுகளோ தரையில் உட்கார்ந்து சமைத்து, தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, தரையில் படுத்து எழும் வீடுகள். மேல்நாட்டில் எழுதின புத்தகத்தில் சோபாவைப் பற்றி இருக்கும், மாட்டுக் கொட்டகையைப் பற்றி இருக்காது. அதனால் நோயாளி வீடு வருவதற்கு முன்பே செய்ய வேண்டியவை சில உண்டு.

கட்டில் முழங்கால் உயரத்துக்கு மேல் இருக்க வேண்டும். தொய்ந்த கயிற்றுக் கட்டில் ஆகாது. உயரம் போதாவிட்டால் நான்கு காலுக்கும் அடியில் அசையாத கட்டை வைக்கலாம். உட்காருவதற்குக் கைப்பிடி உள்ள உயரமான நாற்காலி. உட்காரும்போது முழங்கால், இடுப்பைவிட மேலே வரக் கூடாது. இதுதான் எளிய அளவு.

தரைக் கழிப்பறை இருக்கும் வீட்டில், அதன் மேல் வைக்கிற கமோடு நாற்காலி வாங்கிவிட வேண்டும். அதை ஆடாமல் வைத்து, சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி அடித்துவிட்டால் நல்லது. இந்த ஒரு செலவைத் தள்ளிப்போட்டு மூட்டு நழுவியவர்கள் உண்டு.

படுக்கும்போது இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு தலையணை. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். வாசலில் அவிழ்த்துப் போட்ட மாட்டுக் கயிறு, ஈரச் சாணம், கோணிச் சாக்கு, இருட்டான தாழ்வாரம் எல்லாமே எதிரிகள். கீழே விழுந்த பொருளைக் குனிந்து எடுக்கக் கூடாது. பேரப்பிள்ளைகளைக் கூப்பிட வேண்டும்.

காயத்தின் மேல் எண்ணெய், மஞ்சள், பச்சிலை எதுவும் வேண்டாம். காலை நீவிவிடுவதும் வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையோ ஊசியோ, சொன்ன நாள் வரை தவறாமல் போட வேண்டும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, காயத்தில் நீர் அல்லது சீழ் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, கால் திடீரெனக் குட்டையாகித் திரும்பினாலோ அன்றைக்கே மருத்துவமனை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால்தான் காயம் ஆறும்.

சிமெண்ட் வைக்காமல் பொருத்திய மூட்டு என்றால், எலும்பு வளர்ந்து உலோகத்தைப் பிடித்துக்கொள்ளச் சில வாரம் ஆகும். நட்ட நாற்று பச்சை பிடிக்கும்வரை வயலில் யாரும் இறங்கி உலப்புவதில்லை அல்லவா, அது போலத்தான். அதனால் எவ்வளவு பாரம் ஊன்றலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டும்.

திரும்ப வயலுக்கு

பெரும்பாலானவர்களுக்கு ஆறு வாரத்தில் வாக்கரிலிருந்து கம்பு, மூன்று மாதத்தில் இலேசான வேலை என்பது பொதுவான கணக்கு. அது முன்னே பின்னே ஆகும். மூன்று மாதம் கழிந்தாலும் சேற்றில் குனிந்து நாற்று நடுவது, குந்தி உட்கார்ந்து களை எடுப்பது, மூட்டை தூக்குவது ஆகியவற்றை விட்டுவிடுவதே மூட்டுக்கு நல்லது. நின்றபடி செய்கிற வேலை எத்தனையோ இருக்கிறது. மேசை மேல் வைத்து விதை நேர்த்தி செய்யலாம். கெட்டியான வரப்பில் நடந்து தண்ணீர் பார்க்கலாம். நடவையும் களையையும் இயந்திரத்துக்கோ ஆளுக்கோ மாற்றிக்கொள்ளலாம். கோனோவீடர் நின்றபடி தள்ளுவதுதான், ஆனால் சேற்றில் கால் புதையும். அதனால் அது வீட்டில் மற்றவர்கள் கைக்கு.

உழவர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று: சேற்றுப்புண், பித்தவெடிப்பு, காலில் முள் குத்திய புண் எதையும் அலட்சியமாக விடக் கூடாது. அங்கிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து செயற்கை மூட்டில் போய் உட்கார முடியும். வருடங்கள் கழித்தும் இது நடக்கலாம். பல்லில் சீழ் வைத்தாலும் அப்படியே.

செயற்கை மூட்டு எத்தனை வருடம் வரும்? 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பெரிய ஆய்வு ஒன்று, 25 வருடம் கழித்தும் 100 மூட்டில் சுமார் 58 வேலை செய்வதாகக் கணக்கிட்டது. 47 வயதுத் தம்பிக்கு வாழ்நாளில் இன்னொரு முறை மாற்ற வேண்டி வரலாம். அதனால்தான் குடியை நிறுத்தச் சொல்கிறார்கள். அடுத்த பக்கத்து மூட்டும் அதே வழியில் போகாமல் இருக்க வேண்டுமே.

கேட்டு வாங்க வேண்டிய பதில்கள்

புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. கோரிமேட்டில் ஜிப்மர், கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரி, பாகூர் கொம்யூனுக்குள்ளேயே பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் தனியார் மருத்துவக் கல்லூரிகள் என்று பக்கத்திலேயே இருக்கின்றன. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் சேர்ந்த குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக் காப்பீடு. 70 வயது நிரம்பியவர்களுக்கு வருமானம் பார்க்காமல் இந்தக் காப்பீடு 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்டது. அட்டையை எடுத்துக்கொண்டு போய் மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை இவை:

1. எந்த வழியாகத் திறக்கப் போகிறீர்கள்? நீங்கள் அதிகம் செய்வது அந்த வழிதானா?

2. பாதி மூட்டா, முழு மூட்டா? சிமெண்ட் வைத்தா, வைக்காமலா?

3. எந்த நாளிலிருந்து எவ்வளவு பாரம் ஊன்றலாம்?

4. எந்த அசைவுகள் கூடாது? எத்தனை நாளுக்கு?

5. தரையில் உட்காருவது, குந்துவது எனக்கு எப்போதாவது முடியுமா?

6. விதிகளைத் தமிழில் எழுதித் தருவீர்களா?

இன்னொன்று. பொருத்திய மூட்டின் பெயரும் எண்ணும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டைக் கேட்டு வாங்கி, ரேஷன் அட்டையோடு வைத்துக்கொள்ள வேண்டும். 2010-இல் உலோகத்தோடு உலோகம் உரசும் ஒரு வகை இடுப்பு மூட்டில் கோளாறு வந்து உலகெங்கும் திரும்பப் பெற்றார்கள். இந்தியாவிலும் பலருக்கு அது வைக்கப்பட்டிருந்தது. 2018-இல் மத்திய அரசு இழப்பீட்டுக்கு வழி செய்தது. அப்படி ஒரு நிலை வந்தால், தன் உடம்பில் இருப்பது எது என்று சொல்ல அந்தச் சீட்டுதான் சான்று.

பாகூர் அக்கா வீட்டில் இப்போது அந்தத் தாள் பீரோவில் இல்லை. மகன் அதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, காலண்டர் பக்கத்தில் ஒட்டிவிட்டார். தை கழிந்து மாசியில் அக்கா கம்புக்கு வந்தார். பங்குனியில் கம்பும் தேவைப்படவில்லை. பால் கறப்பது மருமகள். மாடு பழகும்வரை அக்கா அதன் முன்னால் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தைத் தடவிக்கொடுத்தார். அந்தக் கை இருந்தால் போதும் என்று மாடும் பால் விட்டது.

தம்பி இன்னும் வருகிறார். யாராவது வீட்டில் இடுப்பு அறுவை என்றால் பார்க்கப் போகிறார். ஆனால் "நான் 21 நாளில் கம்ப விட்டேன்" என்று யாரிடமும் இப்போது சொல்வதில்லை. "உங்களுக்கு எந்தப் பக்கம் திறந்தாங்க? என்னா கூடாதுன்னு சொன்னாங்க?" என்றுதான் முதலில் கேட்கிறார்.